நின்றபடி தூங்க ஒரு கூடாரம்

பெற்றோல் வரிசைகள் ஊரைச் சுற்றி வளைந்து கிடந்த காலத்தில் கட்டுகஸ்தோட்டையில் எல்லோரும் சைக்கிள் வாங்கினார்கள். நாங்களும் வாங்கினோம். பிறகு பெற்றோல் வந்தது, சைக்கிள்கள் மாடிப்படிக்குக் கீழே போயின. எங்களுடைய இரண்டிலும் என் கணவர் ஈரத் துவாய் காயப்போட்டார். பக்கத்து வீட்டு நானாவுடையதில் வெங்காயப் பை தொங்கியது.

நானாவும் ராத்தாவும் எங்களுக்கு ஒரு மதில் தள்ளி இருப்பவர்கள். அந்த மதிலும் பாதி இடிந்துவிட்டதால் ஒரு மதில் என்றும் சொல்ல முடியாது. நானாவுக்கு பஜாரில் மிளகு, கறுவா, ஏலக்காய் என்று வாசனைச் சாமான் கடை. ராத்தா அவருடைய மனைவி; முஸ்லிம் அண்ணனையும் அக்காவையும் எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம். நான் ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, இப்போது பேராதனையில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள். என் கணவர் யாழ்ப்பாணத்துக்காரர். கண்டிக்கு வந்து எத்தனையோ வருடமாகியும் 'ஆமாம்' என்பதற்கு 'ஓம்' போடுவதை அவர் விடவில்லை, ஊர்ச் சைக்கிள் கதைகளையும் விடவில்லை. அவர் பேச்சைக் கேட்டால், அங்கே பிள்ளைகள் நடக்கப் பழகுவதற்கு முன்பே பெடல் மிதிக்கும் என்று தோன்றும்.

யோசனை ராத்தாவுடையது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதில் இடிந்த இடத்தால் போனை நீட்டிக்கொண்டு வந்தார். எங்கோ ஒரு நாட்டில் ஒரு ஆணும் பெண்ணும் சைக்கிளில் போய், ஏரிக்கரையில் கூடாரம் அடித்து, விரல் நீளக் கேத்தலில் கோப்பி ஊற்றிக் குடிக்கும் வீடியோ.

"பாருங்க தங்கச்சி, சும்மா உக்காந்து ஈக்காங்க. ஒருத்தரும் சோறு கேக்கல்ல. ஒருத்தரும் அது எங்க, இது எங்கண்டு கேக்கல்ல. எனக்கும் ஒரு நாளைக்கு இப்பிடிச் சும்மா ஈக்கோணும்."

"போவோம் ராத்தா" என்றேன். எனக்கும் அந்த வாரம் அலுவலகத்தில் தலைவலி.

என் கணவர் பேப்பரை மடித்து வைத்தார். "ஓம், போவம். சைக்கிள் எண்டா எனக்கு ஆரும் சொல்லித்தர வேணுமே? நான் ஒரு கையில குடையைப் பிடிச்சுக்கொண்டு, பின்னால சித்தப்பாவை ஏத்திக்கொண்டு பருத்தித்துறையில இருந்து யாழ்ப்பாண ரவுனுக்குப் போனவன்."

நானா இடம் பார்த்தார். திகனவுக்கு அப்பால், விக்டோரியா நீர்த்தேக்கத்தின் ஓரத்தில் ஒரு சிங்களப் பெரியவருக்கு மிளகுத் தோட்டம் இருந்தது. அறுவடைக்கு அறுவடை நானாவின் கடைக்குத்தான் மிளகு கொண்டு வருவார். தோட்டத்தின் கடைசி அடி தண்ணீருக்குள்தான் முடிகிறது என்று நானா சொன்னார். போனில் கேட்டபோது பெரியவர் உடனே வரச் சொல்லிவிட்டார். ஆனால் வீடு உள்ளவர்கள் எதற்காகத் தன் நிலத்தில் வந்து படுக்கிறார்கள் என்று மட்டும் இரண்டு தரம் கேட்டாராம்.

கூடாரத்தை ராத்தா இணையத்தில் பார்த்து வாங்கினார். படத்தில் நீல நிறக் கூடாரமும், அதன் பக்கத்தில் சிரித்துக்கொண்டு நிற்கும் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகளும். வந்த பொருள் ஒரு பெரிய தோசைக்கல் அளவில் வட்டமாக, தட்டையாக, உறைக்குள் இருந்தது. "திறந்தா திரும்ப மடிக்கிறது கஷ்டமாம், அங்க போய்த் திறப்போம்" என்றார் ராத்தா. அது சரியான பேச்சாகவே எங்களுக்குப் பட்டது.

ஓய்வெடுக்கப் போவதற்காக நாங்கள் மாய்ந்து மாய்ந்து வேலை செய்தோம். ராத்தா தாச்சிச் சட்டி, அகப்பை, தேங்காய், அதைத் துருவுகிற துருவலை என்று கட்டினார். நானா ஒரு கதிரையை கரியரில் ஏற்றிக் கயிறு போட்டார். மடிக்கிற கதிரை இல்லை. சாப்பாட்டு மேசையிலிருந்து எடுத்த நல்ல கனமான மரக் கதிரை.

"நானா, இது எதுக்கு?" என்றேன்.

"முழங்கால் தங்கச்சி. கீழ உக்காந்தா எழும்ப ஏலா. நாலு பேர் வந்து தூக்கோணும்."

"நாங்க மொத்தமே நாலு பேருதானே."

"அதுதான் செல்றன். என்னைய விட்டா மூணு பேர்தான் ஈக்கு."

ஒரு சனிக்கிழமை காலையில் புறப்பட்டோம். மகாவலிப் பாலத்தடியில் என் கணவர் எல்லோரையும் நிறுத்தி, பிரேக்கைப் பிடிக்கும் விதம் பற்றி ஒரு சிறு உரை ஆற்றினார். நான் முப்பது தாண்டிய பிறகு சைக்கிள் பழகியவள். ராத்தா பழகியது அதற்கும் பிறகு. ஆகவே கவனமாகக் கேட்டுக்கொண்டோம். உரை முடிந்து முதல் ஏற்றம் வந்தது. அவருடைய ஊரில் ஏற்றம் என்றால் ரயில் கடவைதான். பாதி தூரத்தில் இறங்கி சைக்கிளைத் தள்ளினார்.

"என்னாங்க, இறங்கிட்டீங்க?" என்று நான் கடந்து போகும்போது கேட்டேன்.

"செயினில ஏதோ சத்தம் கேக்குது. உருட்டிப் பாக்கிறன்."

அடுத்த ஏற்றத்தில் டயரில் ஏதோ சத்தம். அதற்கு அடுத்ததில் சத்தம் ஒன்றும் கேட்காததே சந்தேகமாக இருக்கிறது என்றார். கடைசியில் மூச்சு வாங்கிக்கொண்டு உண்மையைச் சொன்னார். "இது றோட்டில்லையப்பா. சுவர். சுவருக்குத் தார் ஊத்தி வச்சிருக்கினம்."

மடவளை தாண்டியதும் ஓர் ஆட்டோ எங்களுக்குப் பின்னால் வந்து சேர்ந்தது. முந்திப் போகவில்லை. நாங்கள் போகும் வேகத்திலேயே, அதாவது மாடு போகும் வேகத்தில், பொறுமையாகத் தொடர்ந்தது. ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி, போவோமா என்று சிங்களத்தில் கேட்டார். வேண்டாம், நாங்கள் ஓய்வுக்காகப் போகிறோம் என்று நானா மறுமொழி சொன்னார். ஓட்டுநர் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். இன்னும் மெதுவாக வந்தார். விழப்போகும் பலாப்பழத்தின் கீழே சாக்கோடு நிற்பவருக்கு இருக்கிற நிச்சயம் அவருக்கும் இருந்தது.

செங்குத்தான ஒரு வளைவில் கதிரையின் கனம் நானாவின் சைக்கிளைப் பின்பக்கமாக இழுத்தது. முன் சக்கரம் குதிரைபோல் எழுந்தது. நானா எழும்பவும் முடியாமல் விழவும் முடியாமல் சற்று நேரம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் முன் சக்கரத்தைப் பிடித்து அமுக்கினேன். ஆட்டோ நின்றது. கதிரையும் தாச்சியும் தேங்காய்களும் ஆட்டோவில் ஏறின. ஆட்கள் ஏற மாட்டோம் என்று என் கணவர் கண்டிப்பாகச் சொன்னார். அப்படிச் சொன்ன குரலில் அவ்வளவு உறுதி இருக்கவில்லை.

நாங்கள் மேட்டின் உச்சியை அடைந்தபோது, வீதியோரத்தில் மரநிழலில் எங்கள் கதிரை போடப்பட்டிருந்தது. அதில் ஓட்டுநர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, போத்தலில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். எங்களில் அன்று முதன்முதலாக ஓய்வெடுத்தவர் அவர்தான். பிறகு தோட்டத்து வாசல் வரைக்கும் அவரே சாமான்களைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார்.

இடம் அழகாக இருந்தது. அதைச் சொல்லாமல் விடக் கூடாது. மிளகுக் கொடிகள் ஏறிய மரங்களுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை இறங்கி, புல் சரிவில் முடிந்து, பிறகு ஏரி. மழை குறைந்திருந்ததால் தண்ணீர் பின்வாங்கி, கரையைச் சுற்றிச் செம்மண் நாடா ஒன்று தெரிந்தது. தண்ணீருக்குள் பட்டுப்போன மரமொன்று நின்றது. அதன் கிளைகளில் நீர்க்காகங்கள் இறகை விரித்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தன. எதிரே மலைகள். ராத்தா சைக்கிளைப் புல்லில் சாய்த்துவிட்டு, "அல்லாஹ்" என்று மட்டும் சொன்னார்.

பெரியவர் சாரமும் பெனியனுமாக வந்து வரவேற்றார். மழை வந்தால் பக்கத்திலிருந்த மிளகுக் கொட்டிலில் படுக்கலாம் என்றார். தேவைப்படாது, எங்களிடம் கூடாரம் இருக்கிறது என்று ராத்தா பெருமையோடு உறையைத் திறந்தார்.

அது தானாகவே பாய்ந்து விரிந்தது. அடைபட்டிருந்த ஏதோ ஒரு பிராணி வெளியே வருவது போல் இருந்தது. நானா கதிரைக்குப் பின்னால் போய் நின்றார். அது ஒருமுறை துள்ளி, பக்கவாட்டில் உருண்டு, பிறகு நிமிர்ந்து நின்றது. ஆளுயரம். அகலம், ஓர் அலுமாரி அளவு. கீழே தரை இல்லை. முன்னால் ஒரு ஸிப். உள்ளே தலைக்கு மேல் சட்டை கொழுவ ஒரு கொக்கி.

நாங்கள் நால்வரும் அதைச் சுற்றி ஒரு தடவை நடந்தோம்.

"இதுல எப்பிடிப் படுக்கிற?" என்றார் நானா.

ராத்தா போனில் அந்தப் படத்தைத் தேடி எடுத்தார். இப்போதுதான் கவனித்தோம். அப்பா, அம்மா, பிள்ளைகள் எல்லோரும் கூடாரத்துக்குப் பக்கத்தில்தான் நின்றார்கள். உள்ளே ஒருவரும் இல்லை.

"நின்டுக்கிட்டு படுக்கலாம்" என்றார் ராத்தா கொஞ்சம் யோசித்து. "ஒரு ஆளுக்குச் சரி."

பெரியவரும் சுற்றி வந்து பார்த்தார். அவருக்கு மட்டும் அது மிகவும் பிடித்துவிட்டது. தலையை ஆட்டி, துணியைத் தடவி, என் கணவரிடம் சிங்களத்தில் ஏதோ விரிவாகக் கேட்டார். என் கணவருக்குத் தெரிந்த சிங்களம் பஸ்ஸில் ஏறி இறங்கப் போதும். மற்ற இடங்களில் அவர் "ஹரி ஹரி" என்று சொல்லிச் சமாளிப்பார். சரி சரி என்று அர்த்தம். அந்த ஒரு சொல்லோடு அவர் எத்தனையோ வருடம் கண்டியில் குடித்தனம் நடத்திவிட்டார். இப்போதும் "ஹரி ஹரி" என்றார். பெரியவர் மகிழ்ச்சியோடு வீட்டுப் பக்கம் போனார்.

நானா தண்ணீரோரமாக அந்தி நேரத்து மஃரிப் தொழப் போனார். ராத்தாவும் நானும் விறகு பொறுக்கினோம். நாங்கள் மூவரும் திரும்பி வந்தபோது என் கணவர் கைகட்டிக் கூடாரத்தின் அருகே நின்றார். கூடாரம் குலுங்கியது. உள்ளிருந்து மண்வெட்டிச் சத்தம் கேட்டது. ஸிப்பின் கீழால் மண் வந்து விழுந்துகொண்டிருந்தது.

"என்னாங்க நடக்குது?" என்றேன்.

"பெரியவர் நல்ல மனுசன். மழை வந்தா தண்ணி ஓட வாய்க்கால் வெட்டித் தாறார். நான் கேக்கவே இல்லை."

நானா ஓடிப்போய் ஸிப்பைத் திறந்து சிங்களத்தில் பேசினார். உள்ளே முழங்கால் ஆழக் குழிக்குள் நின்ற பெரியவர் வியர்வையைத் துடைத்தபடி பதில் சொன்னார். நானாவின் முகம் மாறியது. சிரிப்பை அடக்கித் திரும்பினார்.

"இது கக்கூஸ்தானேண்டு உங்கள்ட்ட கேட்டாராம். நீங்க ஹரிண்டு செல்லிட்டீங்களாம். குழி இல்லாம எப்பிடி, நான் வெட்டித் தரவாண்டு கேட்டாராம். அதுக்கும் ஹரி."

"ஆழம் போதுமாண்டும் கேக்கிறார்" என்று கடைசியாகச் சேர்த்தார்.

குழியை மூடினோம். பெரியவருக்கு மிகுந்த வருத்தம். அவ்வளவு நல்ல குழி அது.

அடுப்பு மூட்டி, தாச்சி வைத்து, கொண்டுவந்த கோழியைப் போட்டபோது இன்னொன்று தெரிந்தது. நானா தம் கடையிலிருந்து மிளகு, கறுவா, கராம்பு, ஏலம், சாதிக்காய் எல்லாம் கொண்டு வந்திருந்தார். உப்பு கொண்டு வரவில்லை.

"நான் உப்பு விக்கிறல்ல" என்றார்.

"அதுக்காக திங்கிறதும் இல்லையா?" என்றார் ராத்தா.

உப்பு கேட்க நான் பெரியவர் வீட்டுக்குப் போனேன். அவருடைய மனைவியைச் சிங்கள முறையில் அம்மே என்று கூப்பிட்டேன். அவர் ஒரு சிரட்டையில் உப்புத் தந்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். வீட்டில் ஏதும் சண்டையா என்று இரகசியமாகக் கேட்டார். இல்லை என்றேன். அப்படியானால் வீடு ஏதும் சரிந்துவிட்டதா? அதுவும் இல்லை அம்மே, சும்மா இருக்க வந்தோம். அவர் நம்பவில்லை. நான் கரைக்குத் திரும்பிச் சிறிது நேரத்தில், ஒரு சட்டி சோறும் பலாக்காய்க் கறியும் தேங்காய்ச் சம்பலும் தலையில் வைத்துக்கொண்டு அவரே இறங்கி வந்தார். எங்கள் கோழி வேகுவதற்குள் அதை முடித்துவிட்டோம். பிறகு கோழியையும் முடித்தோம். நானா கதிரையில் அரசனைப்போல் உட்கார்ந்திருக்க, அம்மே உட்பட எல்லோரும் அவர் காலடியில் புல்லில் இருந்து சாப்பிட்டோம்.

படுக்கும் நேரம் நானாவும் ராத்தாவும் நானும் பாயை எடுத்துக்கொண்டு கொட்டிலுக்குப் போனோம். மிளகு வாசனையில் தும்மல் வந்தாலும் தரை இருந்தது. என் கணவர் மட்டும் மறுத்துவிட்டார்.

"வாங்கின சாமானைப் பாவிக்க வேணும். நான் இதுக்குள்ளதான்."

"எப்பிடிங்க படுப்பீங்க?"

"இடுப்பு வரைக்கும் உள்ள. மிச்சம் வெளியில. என்ன வரப்போகுது?"

வந்தது விடியற்காலையில், ஓர் எருமை.

அது பெரியவருடையதுதான். தினமும் அந்த வழியாகத்தான் தண்ணீருக்கு இறங்குமாம். அன்று வழியில் நீல நிறத்தில் ஒரு பொருளும், அதிலிருந்து இரண்டு கால்களும் நீட்டிக்கொண்டிருந்தன. ராத்தாவும் நானும் பல் துலக்கக் கொட்டில் வாசலுக்கு வந்திருந்தோம். பனி மெல்ல ஏரியின் மேல் நகர்ந்தது. எருமை தலையைத் தாழ்த்தி, இடது பாதத்தை ஒருமுறை முகர்ந்தது. பிறகு அடியிலிருந்து விரல் வரைக்கும் ஆற அமர நக்கியது. முந்தின நாள் வியர்வையின் உப்பு அதற்குப் பிடித்திருக்க வேண்டும்.

உள்ளிருந்து, தூக்கக் குரலில், "இஞ்ச, சும்மா இரும்" என்று வந்தது.

நான்தான் ஏதோ விளையாட்டுக் காட்டுகிறேன் என்று நினைத்திருக்கிறார். கல்யாணமான இத்தனை காலத்தில் நான் அப்படி ஒன்றும் செய்ததில்லை. எருமை வலது பாதத்துக்கு மாறியது. இந்தத் தடவை அவர் விழித்துக்கொண்டார். எழுந்து நின்றார். அவரோடு கூடாரமும் எழுந்தது. உள்ளிருந்த கொக்கி அவருடைய சட்டைக் கொலரில் மாட்டிக்கொண்டது.

எருமை தன் வாழ்நாளில் அப்படி ஒன்றைக் கண்டதில்லை. நீல நிறத் தூண் ஒன்று, கீழே இரண்டு மனிதக் கால்களோடு, "ஐயோ, ஆரப்பா அது!" என்று கத்தியபடி புல் சரிவில் இறங்கி ஓடியது. எருமை மிளகுத் தோட்டத்தை நோக்கி மேலே ஓடியது. கண் தெரியாத தூண் செம்மண் நாடாவைக் கடந்து, முழங்கால் வரை தண்ணீருக்குள் போய் நின்றது. பட்டமரத்திலிருந்த நீர்க்காகங்கள் எல்லாம் ஒன்றாகக் கிளம்பின. பிறகு ஸிப் மெதுவாகத் திறந்து, என் கணவரின் முகம் வெளியே வந்தது.

"தண்ணி குளிருது" என்றார்.

ராத்தா பிரஷ்ஷை வாயில் வைத்தபடியே தரையில் உட்கார்ந்து சிரித்தார். சிரித்துச் சிரித்துப் பற்பசை நுரை மூக்கால் வந்தது. தொழுகை முடித்து வந்த நானா நடந்ததைக் கேட்டு, தான் பார்க்காமல் போனதற்காக உண்மையிலேயே கோபித்துக்கொண்டார். இன்னொரு முறை செய்து காட்ட முடியுமா என்றுகூடக் கேட்டார்.

பிறகுதான் நாங்கள் வந்த காரியம் நடந்தது. பிளேன்டீ ஊற்றி, கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு, நால்வரும் தண்ணீரைப் பார்த்து உட்கார்ந்தோம். வெயில் எதிர் மலையில் இறங்கி வந்தது. மீன்பிடி ஓடம் ஒன்று ஓசையில்லாமல் போனது. என் தோள்கள் எப்போதும் காதுகளுக்குப் பக்கத்தில் இருந்திருக்கின்றன என்பது, அவை கீழே இறங்கியபோதுதான் எனக்குத் தெரிந்தது. ராத்தா கண்ணை மூடிக்கொண்டார். அவருடைய போன் அடித்தது.

"உம்மா" என்றான் அவருடைய வளர்ந்த மகன், எங்கள் எல்லோருக்கும் கேட்கும்படியாக. "சீனி போத்தல் எங்க?"

"அடுப்புக்குப் பக்கத்துல, மகன்" என்றார் ராத்தா, கண்ணைத் திறக்காமலே. அழைப்பை வெட்டிவிட்டு, போனை நானாவின் கதிரைக்கு அடியில் தள்ளினார்.

புறப்படும்போது கூடாரத்தை மடிக்க முயன்றோம். என் கணவர் முறுக்கினார், அது நானாவின் தொப்பியைத் தட்டிவிட்டது. நான் ஒரு பக்கம் ஏறி நின்றேன், மறுபக்கம் எழுந்து ராத்தாவின் முதுகில் அடித்தது. நால்வரும் சேர்ந்து அதன் மேல் படுத்தோம். எழுந்தபோது அதுவும் எங்களோடு எழுந்தது. மடிக்கும் விதத்துக்கு ஒரு வீடியோ இருக்குமென்று ராத்தா சொன்னார், ஆனால் அந்தப் பள்ளத்தில் வீடியோ ஓடுமளவுக்குச் சிக்னல் இல்லை. விரித்தபடியே முதுகில் கட்டிக்கொண்டு சைக்கிள் ஓட்டலாம் என்று என் கணவர் முன்வந்தார். திகன வளைவில் காற்று அடித்தால் தெல்தெனியவில்தான் போய் இறங்குவீர்கள் என்று நானா தடுத்தார்.

இதையெல்லாம் அம்மே ஏரியில் குளித்துக்கொண்டே பார்த்திருந்தார். ஈரத் துணியோடு கரையேறி வந்து, மாற்றுடையைக் கையில் எடுத்துக்கொண்டு, ஒருவரிடமும் கேட்காமல் கூடாரத்துக்குள் போய் ஸிப்பை இழுத்தார். உள்ளே கொஞ்சம் சலசலப்பு. திரும்பி வந்தபோது காய்ந்த சட்டையும் இடுப்பில் சீத்தைத் துணியும் உடுத்தி, தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார். ஈரத் துணி கொக்கியில் அழகாகத் தொங்கியது. எங்களைப் பார்த்து, நல்ல சாமான் என்றார்.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அது எதற்காகச் செய்யப்பட்டது என்று ஒரு நாள் முழுக்க எங்களில் யாருக்கும் விளங்கியிருக்கவில்லை. அங்கேயே விட்டுவிட்டோம். கதிரையையும் தாச்சியையும் அடுத்த மிளகோடு கடைக்குக் கொண்டுவருவதாகப் பெரியவர் சொன்னார். அம்மே எங்கள் கரியர்களில் இரண்டு வாழைக்குலையும் ஒரு பை ஈரப்பலாக்காயும் கட்டிவிட்டார். வீட்டில் எதுவானாலும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று என் காதில் சொல்லி அனுப்பினார்.

மடவளைக்குத் திரும்பியபோது வெயில் ஏறிவிட்டது. வீதியோரச் சாப்பாட்டுக் கடையொன்றில் நிறுத்தி, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, பராட்டாவுக்கும் தேநீருக்கும் சொன்னோம். தட்டு வருவதற்குள் என் கணவர் நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்துவிட்டார். நானா மேசையில் கன்னத்தை வைத்தார். ராத்தா பராட்டாவைப் பிய்த்து, வாய்க்குக் கிட்டக் கொண்டுபோய், அப்படியே தூங்கிவிட்டார். விரல்களில் பராட்டா, கண்கள் மூடி, முகத்தில் நல்ல பிள்ளையின் அமைதி.

அவரை எழுப்ப நினைத்தேன். எழுப்பவில்லை. கடைக்காரர் எங்களைப் பார்த்துவிட்டு, வானொலியின் சத்தத்தைக் குறைத்தார். பின் மேசைக்காரர்களிடம் மெதுவாகப் பேசச் சொன்னார். என் தேநீர்க் கோப்பைக்கு மேலே அவர் ஒரு சிறு தட்டைக் கவிழ்த்து மூடியதுவரை எனக்கு நினைவிருக்கிறது.